பிஜூவின் கால் வலி

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடி மாதம். நாங்கள் இருப்பது புதுச்சேரி முதலியார்பேட்டையில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்தில். நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில், செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலைதான். டப்பாக்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். மூடியில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட வேண்டும். புதிதாக வரும் பெண்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவதை நான் போகிற போக்கில் பிடித்துவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்று பேசிக்கொண்டு திரிவேன்.

அப்படிப்பட்ட என் வீட்டுக்குத்தான் பிஜூ வந்து சேர்ந்தது.

பிஜூ எதிர் வீட்டு நாய். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். எதிர் வீடும் ஒரு சொல்தா வீடு. அந்த வீட்டம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிள்ளையோடு இருக்க பிரான்சுக்கே போய்விட முடிவு செய்தார். வயதான நாயை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக மனசு வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு நாய் என்றால் உயிர். "குடுத்துட்டுப் போங்க மதாம், நான் பாத்துக்கறேன்" என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டுவிட்டார். ஊருக்குக் கிளம்புகிற அன்று மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு சேதி சொன்னார்: பிஜூவுக்கு பிரெஞ்சு மட்டும்தான் புரியும், தமிழ் தெரியாது.

நாங்களும் நம்பினோம். 'உட்கார்' என்பதற்கு அஸ்ஸி, 'வா' என்பதற்கு வியேன் என்று ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினார் என் வீட்டுக்காரர். 'குளிக்க வா' என்பதற்கு மதாம் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாளியை வைத்துக்கொண்டு நான் தொண்டை கிழியத் தமிழில் கத்துவேன். அது ஒன்றும் புரியாத அப்பாவி மாதிரி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். "பாவம்டி, பாஷை தெரியாத எடத்துல வந்து மாட்டிக்கிச்சு" என்று இவர் வேறு பரிந்து பேசுவார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் உண்டு. ஒருநாள் அவரிடம் வாசலில் நின்று நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். சும்மா, குரலைக்கூட உயர்த்தாமல், "அந்தச் சங்கரா தலைய தனியா வைங்க, நாய்க்கு வேணும்" என்றேன். கொல்லைப்புறத்தில் படுத்திருந்த பிஜூ அடுத்த நொடி என் காலடியில் வந்து நின்று வாலை ஆட்டியது. இன்னும் மீனை வெட்டவே இல்லை.

"என்னாக்கா, பிரெஞ்சுக்கார நாயின்னீங்க?" என்று மீன்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயந்திரமே சோதனை போட்டேன். பேப்பர் படித்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல, "தலைக்குக் குளிப்பாட்டணும்" என்றேன். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "சோறு" என்றேன். வெளியே வந்தது. பிறந்ததிலிருந்து முதலியார்பேட்டையில் இருக்கிற நாய்க்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? பாவம் மதாம், இத்தனை வருடமாக ஏமாந்திருக்கிறார். "இது நாயில்லீங்க, நாலு கால் திருடன்" என்று இவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து பிஜூ என்ன செய்தாலும் அதில் ஒரு திருட்டுத்தனத்தைத் தேடுவது என் வழக்கமாகிவிட்டது.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில்லில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருப்பவர். சர்க்கரை உண்டு. தினமும் முக்கால் மணி நேரமாவது நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. விடிந்ததும் பிஜூவைக் கூட்டிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிக் கடற்கரைச் சாலை வரை போய் வருவார். காலையில் அந்தச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்துக்கெல்லாம் திரும்பி வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த வருடம் ஆவணியில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை, மண்டபம், புடவை என்று வீடு அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் நடையில் பிஜூவின் காலில் முள் குத்தியது. இது நிஜமான முள்தான், நானே பார்த்தேன். வழியில் பூட்டிக் கிடக்கிற ஒரு கிடங்கின் வாசல் கட்டையில் உட்கார்ந்து, முள்ளைப் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார். இரண்டே நாளில் புண் ஆறிவிட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் தாமதமாக வந்தார். கேட்டால், "பிஜூ நொண்டுதுடி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தோம்" என்றார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். எனக்கு டீ இல்லாமல் போயிற்று.

வீட்டுக்குள் பார்த்தால் பிஜூ பூனையைத் துரத்திக்கொண்டு மதில் வரை பாய்கிறது. எந்தக் கால் என்று இவரைக் கேட்டேன். முன்னங்கால், வலது என்றார். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டேன். இடது என்றார். எனக்குள் இருந்த செக்கிங்காரி விழித்துக்கொண்டாள். லீவு போட்டு, ஸ்கூட்டரில் முன்னால் பிஜூவை உட்கார வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர். காலை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"ஒண்ணுமே இல்லம்மா. நடிக்குது" என்றார் சிரித்துக்கொண்டே. "ஒரு தடவ நெஜமாவே அடிபட்டு நீங்க கொஞ்சியிருப்பீங்க. கால தூக்குனா பிஸ்கட் வரும்னு கத்துக்கிச்சு. சில நாய்ங்க பண்றதுதான்."

நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று வீட்டுக்கு வந்து ஒரே ஆர்ப்பாட்டம். மறுநாளிலிருந்து மூன்று நாள், "நீங்க கல்யாண வேலையப் பாருங்க" என்று அவரை வீட்டில் விட்டுவிட்டு நானே பிஜூவைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் நடந்தேன். அந்தக் கிடங்கு வாசலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரை மாதிரி நடந்தது. ஆக, ஏமாற்று வேலை அவரிடம் மட்டும்தான். ஏமாறுகிறவர் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? நான்காம் நாள் நடை மறுபடி அவர் கைக்குப் போனபோது, பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பூட்டி வைத்தேன். கிளம்பும்போது அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து அனுப்பினேன். பிஸ்கட் இல்லை என்றால் நடிப்பும் நின்றுவிடும் என்பது என் கணக்கு.

நிற்கவில்லை. பத்து நாள் ஆயிற்று. தினமும் தாமதம், தினமும் பிஜூவுக்குக் கால் வலி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர் வழியில் கடையில் வாங்கித் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, அவர்கள் கிளம்பிய சற்று நேரத்தில் பால் பையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் திரும்பினால் பால் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? யாரைத் திருடன் என்கிறேன் பாருங்கள்!

கேட்டைத் தாண்டினோம். இரண்டு மின்கம்பம் தள்ளித் தள்ளி நான். பிஜூ அவருக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனது. நொண்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. கிடங்கு நெருங்கியது. இப்போது காலைத் தூக்கும், தூக்கட்டும் என்று நான் நாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நின்றது நாய் இல்லை. அவர்.

நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். ஒரு கையால் கிடங்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் தாடையை அழுத்திக்கொண்டார். முதுகு ஏறி இறங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கயிறு இழுபடவே பிஜூ திரும்பிப் பார்த்தது. திரும்பி வந்து அவர் முன்னால் நின்று அவர் முகத்தையே பார்த்தது. அவர் மெதுவாகக் கட்டையில் உட்கார்ந்தார். அது அவர் பாதத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தது.

அப்போது எதிரே, அவரோடு மில்லில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் நடந்து வந்தார்.

"என்னா, இன்னிக்கும் உக்காந்துட்டீங்களா?"

"நாய்க்குக் கால் வலிப்பா" என்றார் இவர்.

சொல்லி முடிக்கவில்லை, பிஜூ வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டது. பிஸ்கட் இல்லை, கொஞ்சல் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு, அந்த நண்பரைப் பார்த்து அப்படி ஒரு பரிதாப முகம்! அவரும் "அடடா, பாவம்" என்று குனிந்து அதன் தலையைத் தடவினார். என் வீட்டுக்காரரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

எப்படி அந்தத் தூரத்தைக் கடந்தேன் என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் பிஜூ செய்த காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தூக்கியிருந்த வலது காலைக் கீழே வைத்துவிட்டு, அவசர அவசரமாக இடது காலைத் தூக்கியது. இவளிடம் ஒரு கால் போதாது என்று நினைத்ததோ என்னவோ. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ எங்கடி இங்க? ஒண்ணுமில்ல, பிஜூவுக்குத்தான்…"

"பிஜூவ விடுங்க. உங்களுக்கு என்னா பண்ணுது?"

கடல் காற்று ஜில்லென்று அடிக்கிறது. அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சின்னக் குரலில் சொன்னார்: "இந்த எடம் வந்தா தாடைலேர்ந்து தோள் வரைக்கும் இழுக்குது. மூச்சு வாங்குது. உக்காந்தா போயிடுது."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"வாயத் தொறந்து சொன்னா என்னா?"

"கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்டி. எங்கண்ணன் நடந்துதான போனாரு ஆஸ்பத்திரிக்கு?"

அவருடைய அண்ணன் நெஞ்சு வலி என்று தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் உடலைத்தான் கொண்டு வந்தார்கள். அந்தப் பயத்தை இவர் இத்தனை வருடமாக மனசுக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நடுரோட்டில் நின்று அவரைத் திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். நண்பர்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். நாயைத் தானே வீட்டில் விடுவதாகச் சொன்னார். பிஜூ ஆட்டோவின் பின்னாலேயே இழுத்துக்கொண்டு ஓடி வந்ததையும், அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தடுமாறியதையும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு, அதில் ஒன்று கிட்டத்தட்ட முழுசாக. ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த மூன்று நாளும் நான் கும்பிடாத சாமி இல்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டர் என்னிடம் பேசினார். தினமும் எத்தனை தூரம் நடப்பார், வலி வந்தால் என்ன செய்வார் என்று விசாரித்தார். சொன்னேன். "வலி வந்ததும் உக்காந்தாரே, அதுவே புண்ணியம். வலியோட வலியா தம் கட்டி நடந்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்" என்றார்.

அதை இவரிடம் சொன்னபோது, படுத்தபடியே கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார். முதல் இரண்டு நாள் அப்படித் தம் கட்டித்தான் நடந்தாராம். ஆம்பிளை ரோட்டில் உட்கார்ந்தால் ஆளாளுக்கு என்ன ஏது என்று கேட்பார்கள், சேதி சந்துக்கு வரும், சந்திலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகும் என்ற பயம். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முள்ளைப் பிடுங்கிய அதே கட்டையைப் பார்த்து பிஜூ காலைத் தூக்கியதாம். நாய்க்குக் கால் வலி என்றால் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்களே என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியதாம். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதுவாத்தான் தூக்குச்சு. அது தூக்கலன்னா நான் உக்காந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தாரை வார்த்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், நானே போய்ச் சொன்னேன். எந்த வானமும் இடிந்து விழவில்லை.

அப்புறம் ஒருநாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் அந்த லேடி டாக்டரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவருக்கும் ஆச்சரியம். என் வீட்டுக்காரர் நின்றால் பிஸ்கட் வரும் என்று பிஜூ பழகியிருக்கலாம், அவருக்கு வியர்த்த வாசனை மாறியிருக்கலாம் என்று ஏதேதோ சொன்னார். சரி, பிஸ்கட்டை நிறுத்தின பிறகும் பத்து நாள் எதற்காகத் தூக்கியது என்று கேட்டேன். "அத அதுகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். எனக்கும் பதில் தெரியாது. கடைசியில் ஒருநாள் பிஸ்கட் வரும் என்று நப்பாசையாகவே இருந்தாலும் இருக்கட்டும். நாய்கள் எஜமானர்களை ஏமாற்றுமா என்று யாராவது கேட்டால், அடேயப்பா, பேஷாக ஏமாற்றும் என்றுதான் சொல்வேன். மதாமை ஏமாற்றியது, என்னை ஏமாற்றியது, படித்த டாக்டரையே எக்ஸ்ரே எடுக்க வைத்தது. ஆனால் என் வீட்டுக்காரருக்காக அது சொன்ன அந்த ஒரு பொய்க்கு நான் ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சின்ன மூளைக்குள் எத்தனை சூட்சுமம், எத்தனை கரிசனம் என்று நினைத்து நினைத்து மாய்ந்து போகிறேன்.

என்னைப் பற்றி நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் என்று பீற்றிக்கொண்டேனே, ஒரு மாதமாக என்ன செய்தேன்? எந்தக் கால், வலதா இடதா, பிஸ்கட் தின்றதா இல்லையா என்று நாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவர் நடந்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஏன் லேட் என்று நான் கேட்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.